காயம் சிறிது, கவலை பெரிது

ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிட்டால் காயமே ஆறாது என்ற பயம் பரவலாக இருக்கிறது. உண்மையான ஆபத்து காயத்தில் இல்லை. அதைக் கண்டு மிரண்டு மாத்திரையை நிறுத்துவதில் இருக்கிறது.

வங்காளத்து வீடுகளில் அது போண்ட்டி. மகாராஷ்டிரத்தில் விளி. தமிழ் வீடுகளில் அரிவாள்மனை. பெயர் எதுவானாலும், காய் நறுக்கும் அவசரத்தில் என்றாவது ஒருநாள் அது விரலைப் பதம் பார்க்காமல் விடுவதில்லை. குழாயில் கழுவி, ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வேலை தொடரும். ஐந்து நிமிடத்தில் ரத்தம் நிற்கும். மாலைக்குள் மறந்தும் போகும்.

அதே வீட்டில் இதய வால்வு மாற்று ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவருக்கு அதே அளவு வெட்டு விழுந்தால் காட்சி மாறிவிடுகிறது. துணி நனைகிறது. இன்னொரு துணி சுற்றப்படுகிறது. கால் மணி நேரமாகியும் கசிவு நிற்பதில்லை. நின்றுவிட்டது என்று நம்பிப் படுத்தால் காலையில் தலையணை உறையில் சிவப்புக் கறை. அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள்: காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு. கடைசியில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வருகிறார்கள்: "அந்த மாத்திரையாலதானே இப்படி? காயம் ஆறுற வரைக்கும் அதை நிறுத்திடலாம்."

இதய மருத்துவர்கள் பயப்படுவது இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். விரலில் விழுந்த வெட்டால் இத்தகைய நோயாளி உயிரிழப்பது மிக அரிது. ஆனால் சில நாட்கள் மாத்திரை இல்லாமல் இருந்தால் உலோக வால்வின் மீது ரத்தம் கட்டி உறையலாம். வால்வு திறந்து மூட முடியாமல் சிக்கிக்கொள்ளலாம். உறைந்த துணுக்கு மூளைக்குப் போய்ப் பக்கவாதத்தை உண்டாக்கலாம். விரல் காயம் ஆறிவிடும். மூளையில் பட்ட காயம் முழுமையாக ஆறும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

பெயரே தவறு

இந்த மருந்துகளைப் பொதுவாக 'பிளட் தின்னர்' என்கிறார்கள். ரத்தத்தை நீர்க்கச் செய்பவை என்று அர்த்தம். அந்தப் பெயரே பாதி பயத்துக்குக் காரணம். உண்மையில் இவை ரத்தத்தைத் தண்ணீராக்குவதில்லை. சிவப்பணுக்கள் குறைவதில்லை. சத்து குறைவதுமில்லை. மாறுவது ஒன்றுதான்: ரத்தம் உறைய எடுத்துக்கொள்ளும் நேரம்.

வெட்டு விழுந்ததும் உடல் இரண்டு கட்டமாகக் காயத்தை அடைக்கிறது. முதலில், தட்டணுக்கள் என்ற நுண்ணிய துகள்கள் கிழிந்த ரத்தக் குழாயின் வாயில் வந்து ஒட்டிக்கொண்டு தாற்காலிகமாக அடைக்கின்றன. அணை உடைந்த இடத்தில் அவசரமாக மணல் மூட்டை அடுக்குவது போன்றது இது. அடுத்து, ரத்தத்தில் கரைந்திருக்கும் உறைவுப் புரதங்கள் ஒன்றையொன்று தூண்டிவிட்டு, ஃபைப்ரின் என்ற இழைகளாலான வலையைப் பின்னுகின்றன. மணல் மூட்டைக்கு மேல் சிமென்ட் பூசுவது போல இந்த வலைதான் அடைப்பை உறுதியாக்குகிறது.

மாத்திரைகளும் அதற்கேற்ப இரண்டு வகை. மாரடைப்பு வந்தவர்களுக்கும் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் தரப்படும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்றவை முதல் கட்டத்தில், தட்டணுக்களின் மீது வேலை செய்கின்றன. வால்வு நோயாளிகள் சாப்பிடும் வார்ஃபரின், அசெனோகூமரால் (கடைகளில் அசிட்ரோம் என்ற பெயரில் அறிமுகமானது) ஆகியவை இரண்டாம் கட்டத்தைத் தாமதப்படுத்துகின்றன. கல்லீரல் உறைவுப் புரதங்களைத் தயாரிக்க வைட்டமின் கே வேண்டும். அந்த வைட்டமினைப் பயன்படுத்த விடாமல் இவை தடுக்கின்றன.

இந்த வித்தியாசம் காயத்தில் கண்கூடாகத் தெரியும். ஆஸ்பிரின் சாப்பிடுபவருக்கு வெட்டு விழுந்த உடனேயே கசிவு அதிக நேரம் நீடிக்கும். வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு முதலில் நின்றது போலத் தோன்றும். மணல் மூட்டை சரியாகவே விழுந்துவிட்டது. சிமென்ட்தான் இன்னும் இறுகவில்லை. சில மணி நேரம் கழித்து, கை எதிலாவது பட்டதும் மறுபடியும் கசியும். தலையணை உறையில் கறை ஏற்படும் ரகசியம் இதுதான்.

மாட்டின் கொம்பிலிருந்து மனித இதயத்துக்கு

வார்ஃபரினின் வரலாறே நிற்காமல் ரத்தம் கசிந்த காயங்களில்தான் தொடங்குகிறது. 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் கால்நடைகள் மர்மமாகச் செத்து விழுந்தன. கொம்பை அறுத்தாலோ காயடித்தாலோ போதும். சாதாரணமாக ஆறிவிடும் அந்தக் காயங்களிலிருந்து ரத்தம் வடிந்துகொண்டே இருந்து மாடுகள் இறந்தன. ஈரத்தில் பூஞ்சை பிடித்த ஸ்வீட் குளோவர் என்ற தீவனமே காரணம் என்று கனடாவின் கால்நடை மருத்துவர் ஃபிராங்க் ஸ்கோஃபீல்டு கண்டறிந்தார். ஆனால் அதிலிருந்த நஞ்சு எது என்பது தெரியவில்லை.

1933 பிப்ரவரியில் விஸ்கான்சின் விவசாயி ஒருவர் பனிப்புயலில் நெடுந்தூரம் வண்டி ஓட்டிக்கொண்டு மேடிசன் நகரிலிருந்த பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார். வண்டியில் ஒரு செத்த கிடாரி, கெட்டுப்போன தீவனம், ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தம். அவற்றைப் பெற்றுக்கொண்ட வேதியியல் விஞ்ஞானி கார்ல் பால் லிங்க்கின் குழு பல ஆண்டுகள் உழைத்து அந்த நஞ்சைப் பிரித்தெடுத்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த, இன்னும் வலுவான பொருளொன்று 1948-ல் எலி மருந்தாகச் சந்தைக்கு வந்தது. ஆய்வுக்குப் பணம் கொடுத்த விஸ்கான்சின் பழைய மாணவர் ஆராய்ச்சி அறக்கட்டளையின் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளிலிருந்து அதற்கு வார்ஃபரின் என்ற பெயர் கிடைத்தது.

எலி மருந்து மனித மருந்தானதும் ஒரு விபத்துதான். 1951-ல் தற்கொலை செய்துகொள்ள நினைத்த ஓர் அமெரிக்க ராணுவ வீரர் அதைத் தின்றார். வைட்டமின் கே கொடுத்ததும் பிழைத்துக்கொண்டார். அளவாகக் கொடுத்தால் கட்டுக்குள் வைக்க முடியும், அளவு மீறினால் முறிக்க மருந்தும் இருக்கிறது என்று மருத்துவ உலகம் நம்பிக்கை கொண்டது. 1954-ல் மனிதர்களுக்குத் தர அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டு மாரடைப்பு வந்த அதிபர் ஐசனோவருக்கே அது தரப்பட்டது.

இந்தியாவின் தனிக்கதை

மேலை நாடுகளில் இந்த மாத்திரை பெரும்பாலும் முதியவர்களின் மருந்து. வயதான காலத்தில் இதயத் துடிப்பு தாறுமாறாவதால் வரும் பக்கவாதத்தைத் தடுக்க அது தரப்படுகிறது. இந்தியாவில் அதை நாள் தவறாமல் விழுங்குபவர்களில் இளம் வயதினர் கணிசமாக இருக்கிறார்கள். காரணம், ருமாட்டிக் இதய நோய். நெரிசலான வீடுகளில் வளரும் 5 முதல் 15 வயதுக் குழந்தைகளுக்குத் தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொற்றுகிறது. சரியான நேரத்தில் பென்சிலின் கிடைக்காவிட்டால் அது ருமாட்டிக் காய்ச்சலாக மாறி இதய வால்வுகளைத் தழும்பாக்குகிறது. பாதிப்பு வெளியே தெரியும்போது பலர் இருபது, முப்பது வயதைத் தொட்டிருக்கிறார்கள். அவர்களில் பெண்களே அதிகம்.

பழுதான வால்வுக்குப் பதில் விலங்குத் திசுவால் ஆன வால்வைப் பொருத்தினால் வாழ்நாள் முழுவதும் மாத்திரை தேவைப்படாது. ஆனால் அது தேய்ந்துபோகும். இளையவர்களுக்கு இன்னும் சீக்கிரம் தேயும். மறுபடியும் நெஞ்சைத் திறக்க வேண்டிவரும். எனவே இளம் நோயாளிகளுக்குப் பெரும்பாலும் செயற்கை உலோக வால்வே பொருத்தப்படுகிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவான சித்ரா வால்வு 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இறக்குமதி வால்வின் விலையைக் கேட்டே வீடு திரும்பிய ஏழைகளுக்கு அது மறுவாழ்வு. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சித்ரா வால்வுகள் பொருத்தப்பட்டுள்ளன.

ஆனால் எந்தச் செயற்கை வால்வும் உடலுக்கு அந்நியப் பொருள்தான். அதைத் தொட்டுச் செல்லும் ரத்தம் உறையவே பார்க்கும். வயலில் நாற்று நடுபவர், செங்கல் சூளையில் வேலை செய்பவர், அடுப்படியில் காய் நறுக்குபவர் என்று தினமும் கீறலும் சிராய்ப்பும் படும் வாழ்க்கை வாழ்பவர்களுக்கு ஆயுள் முழுவதும் உறைவுத் தடுப்பு மாத்திரை. இந்தியாவில் காயமும் மாத்திரையும் சந்திக்கும் இடம் இதுதான்.

காயம் ஆறுகிறதா, இல்லையா?

ரத்தம் நிற்பது வேறு, காயம் ஆறுவது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வதுதான் பயத்துக்கு வேர். ரத்தம் நின்ற பிறகே ஆறும் வேலை தொடங்குகிறது. முதல் சில நாட்கள் வெள்ளணுக்கள் வந்து கிருமிகளையும் செத்த திசுக்களையும் அப்புறப்படுத்துகின்றன. பிறகு புதிய ரத்தக் குழாய்களும் கொலாஜன் என்ற நார்ப்பொருளும் உருவாகின்றன. மேல்தோல் ஓரங்களிலிருந்து நகர்ந்து வந்து மூடுகிறது. கடைசிக் கட்டம் மாதக்கணக்கில் நீள்கிறது. மூன்று வாரத்தில் தழும்புக்கு வருவது பழைய தோலின் வலுவில் நான்கில் ஒரு பங்கு மட்டுமே. எத்தனை மாதம் போனாலும் ஏறத்தாழ 80 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. மாத்திரை சாப்பிடாதவர்களுக்கும் இதே கணக்குதான்.

வெள்ளணுக்களின் வேலையையோ கொலாஜன் தயாரிப்பையோ உறைவுத் தடுப்பு மாத்திரைகள் நிறுத்திவிடுவதில்லை. சரியான அளவில் மாத்திரை சாப்பிடுபவருக்குச் சாதாரணக் காயம் ஆறவே செய்கிறது. நெஞ்சைப் பிளந்து வால்வு பொருத்திய ஆபரேஷன் காயமே இதற்குச் சாட்சி. அந்த ஆபரேஷன் முடிந்த சில நாட்களுக்குள் மாத்திரை தொடங்கப்படுகிறது. நெஞ்செலும்பும் தோலும் மாத்திரையோடு சேர்ந்தேதான் கூடின.

தாமதம் வருவது வேறு வழியில். ரத்தம் தோலுக்கு வெளியே வராமல் உள்ளேயே தேங்கினால் அது கட்டியாகிறது. அந்தக் கட்டி தையலை உள்ளிருந்து தள்ளுகிறது. ஒட்ட வேண்டிய ஓரங்களைப் பிரித்து வைக்கிறது. கிருமிகளுக்கு விருந்து வைக்கிறது. தவிர, ஃபைப்ரின் வலை வெறும் அடைப்பு மட்டுமல்ல. புதிய செல்கள் பற்றிக்கொண்டு ஏறும் சாரமும் அதுதான். சாரம் பலவீனமாக இருந்தால் கட்டடம் மெதுவாகத்தான் எழும். பிறவியிலேயே உறைவுப் புரதம் ஒன்று இல்லாத ஹீமோபிலியா எலிகளின் தோல் காயங்கள் தாமதமாகவே மூடின என்று 2006-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. மாத்திரை சரியான அளவில் இருக்கும் மனிதருக்கு உறையும் திறன் குறைகிறதே தவிர இல்லாமல் போவதில்லை. அளவு மீறும்போதுதான் நிலைமை எலிகளை நெருங்குகிறது.

அபூர்வமாக, வார்ஃபரின் தொடங்கிய முதல் சில நாட்களில் மார்பு, தொடை, இடுப்புப் பகுதித் தோல் வலியோடு கறுத்துச் செத்துப்போவதுண்டு. அது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நிலை. ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிடுபவரின் விரல் வெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

ஒரு புண் இரண்டு மூன்று வாரமாகியும் மூடவில்லை என்றால் மாத்திரையைச் சந்தேகிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை பல உண்டு. முதலாவது சர்க்கரை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆதரவில் நாடு முழுவதும் நடந்து 2023-ல் வெளியான ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. பலருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. சர்க்கரை ஏறிய உடலில் நரம்புகள் மரத்து, ரத்த ஓட்டம் குறைந்து, வெள்ளணுக்களின் வேகமும் மந்தமாகிறது. செருப்புக் கடித்த சிறு கொப்புளம்கூட ஆழமான புண்ணாகிறது. அப்போது மாத்திரையை நிறுத்தினால் புண் ஆறாது. பக்கவாதம் வேண்டுமானால் வரலாம்.

இரண்டாவது ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதத்தினர் ரத்தசோகை உள்ளவர்கள். உறைவுத் தடுப்பு மாத்திரை சாப்பிடும் இளம் பெண்களுக்கு மாதவிலக்கின்போது போக்கு அதிகமாகலாம். சோகை இன்னும் கூடும். காயத்துக்குப் போதிய ஆக்சிஜனும் புரதமும் கிடைக்காமல் போகும். இதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு பல பெண்கள் மறைத்துவிடுகிறார்கள். டாக்டரிடம் சொன்னால் வழி இருக்கிறது. மூன்றாவது புகையிலை. கால் ரத்தக் குழாய்களைச் சுருக்கிப் புண்ணைப் பட்டினி போடும் வேலையைப் பீடி செய்கிறது. பழி மாத்திரை மேல் விழுகிறது.

பல் பிடுங்கும் நாள்

மாத்திரை தேவையில்லாமல் நிறுத்தப்படும் இடங்களில் முக்கியமானது பல் மருத்துவமனை. நாள்பட்ட பல்வலியோடு போகும் நோயாளி வால்வு மாத்திரையைக் காட்டியதும், "ஒரு வாரம் நிறுத்திவிட்டு வாருங்கள்" என்று சொல்லும் வழக்கம் இன்னும் முழுமையாகப் போகவில்லை. இதய மருத்துவரைக் கேட்காமலே அந்த ஒரு வாரம் சில சமயம் இரண்டு வாரமாகிறது.

இப்போது ஏற்றுக்கொள்ளப்பட்ட நடைமுறை வேறு. உறையும் நேரத்தை அளக்க உலக நாடுகள் அனைத்தும் பயன்படுத்தும் பொது அளவுகோல் ஐ.என்.ஆர். உலக சுகாதார நிறுவனம் 1983-ல் அதை அறிமுகப்படுத்தியது. மாத்திரை சாப்பிடாதவருக்கு அது சுமார் 1. இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கு 2 முதல் 3 வரையும், மைட்ரல் இடத்தில் உலோக வால்வு உள்ளவர்களுக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரையும் வைத்திருக்கிறார்கள். பிரிட்டனின் பல் மருத்துவ வழிகாட்டுதல்களின்படி ஐ.என்.ஆர். 4-க்குக் கீழே இருந்தால் சாதாரணமாகப் பல் பிடுங்குவதற்காக வார்ஃபரினை நிறுத்த வேண்டியதில்லை. முந்திய நாள் பரிசோதனை செய்துகொள்வது, ஒரே நாளில் நிறையப் பற்களைப் பிடுங்காமலிருப்பது, பல் குழியில் பஞ்சு போன்ற உறைவுப் பொருளை வைத்துத் தையல் போடுவது ஆகியவை போதும். டிரானெக்ஸாமிக் அமிலக் கரைசலில் நனைத்த துணியைக் கடித்துக்கொள்ளச் செய்வதும் உண்டு. வாயில் கசியும் ரத்தத்தை அழுத்தி நிறுத்த முடியும். வால்வில் கட்டும் ரத்தத்தை வெளியிலிருந்து யாரும் அழுத்த முடியாது.

பெரிய ஆபரேஷன்களுக்கு மாத்திரையை நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் அது கணக்குப் போட்டுச் செய்யும் காரியம். வார்ஃபரினின் வேகம் அடங்கச் சுமார் ஐந்து நாள் ஆகும். அசெனோகூமராலுக்கு அதைவிடக் குறைவு. இடைப்பட்ட நாட்களில் வால்வு நோயாளிக்கு ஹெபாரின் ஊசி தேவையா என்பதை அவரது வால்வின் வகையும் இடமும் தீர்மானிக்கும். ஸ்டென்ட் வைத்தவர்கள் டாக்டர் சொன்ன காலத்துக்கு முன் குளோபிடோக்ரலை நிறுத்தினால் ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. இந்த முடிவுகளை எடுக்க வேண்டியவர் மருந்தை எழுதித் தந்த டாக்டர். பக்கத்து வீட்டுக்காரர் அல்ல.

மருந்துக்கடை வைத்தியம்

சிறு காயத்தைப் பெரிய ரத்தப்போக்காக மாற்றுவது பல நேரங்களில் வெட்டு அல்ல, அதற்காக வாங்கிச் சாப்பிடும் மருந்து. வலிக்கு டைக்ளோஃபெனாக் அல்லது ஐபுப்ரோஃபென். சீழ் பிடிக்காமலிருக்க மெட்ரோனிடசோல். இந்தியாவில் எந்த ஊர் மருந்துக்கடையிலும் சீட்டு இல்லாமலே இவை கைமாறுகின்றன. வலி மாத்திரை தட்டணுக்களின் ஒட்டும் திறனைக் குறைத்து, இரைப்பையின் உட்சுவரையும் அரிக்கிறது. ஏற்கனவே சிமென்ட் தாமதப்படும் இடத்தில் மணல் மூட்டையும் போய்விடுகிறது. மெட்ரோனிடசோலும் கோ-டிரைமாக்சசோலும் கல்லீரல் வார்ஃபரினைச் சிதைக்கவிடாமல் தடுக்கின்றன. வழக்கமான அதே மாத்திரை சில நாட்களில் அளவு மீறிய மாத்திரையாகிறது. விரல் ஆறிக்கொண்டிருக்கும்போது சிறுநீரில் ரத்தம் போகும்.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின் வார்ஃபரினை வெகு வேகமாகச் சிதைத்து அதன் பலனையே குறைத்துவிடும். மாத்திரையின் அளவை ஏற்ற வேண்டிவரும். ஆறு மாதம் கழித்து காசநோய் மருந்து முடிந்ததும் அளவைக் குறைக்க மறந்தால் ரத்தப்போக்கு. காசநோயும் ருமாட்டிக் இதய நோயும் சேர்ந்தே வாழும் நாட்டில் இது புத்தகத்தில் மட்டும் உள்ள அபாயமல்ல.

சாப்பாட்டிலும் ஒரு தவறான கருத்து வேரூன்றியிருக்கிறது. கீரையில் வைட்டமின் கே இருப்பதால் அதைத் தொடவே கூடாது என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். காயம் ஆறத் தேவையான இரும்பும் போலிக் அமிலமும் அதோடு போய்விடுகின்றன. பிரச்சினை கீரையில் இல்லை, ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது. பஞ்சாபில் குளிர்காலம் முழுவதும் தினம் கடுகுக்கீரை, கோடையில் அறவே இல்லை என்றால் ஐ.என்.ஆர். ஊசலாடும். வாரம் இரண்டு முறை என்றால் எல்லா வாரமும் இரண்டு முறை என்று வைத்துக்கொண்டால் அதற்கேற்ப மாத்திரை அளவை டாக்டர் அமைத்துவிடுவார். நாள்கணக்கில் நீளும் விரதங்களுக்கும் இதே விதி. சமையலில் சேரும் மஞ்சள், பூண்டால் கெடுதல் இல்லை. அவற்றையே சாறாகவும் குளிகையாகவும் அடர்த்தியாக்கி விழுங்குவதுதான் வம்பு.

புதிய மாத்திரை எல்லோருக்கும் அல்ல

டாபிகட்ரான், ரிவராக்சபான், அபிக்சபான் என்று அடிக்கடி ரத்தப் பரிசோதனை தேவைப்படாத புதிய மாத்திரைகள் வந்துவிட்டன. கால் ரத்தக் குழாயில் உறைவு ஏற்பட்டவர்களுக்கும், வால்வு நோய் இல்லாமல் துடிப்புக் கோளாறு மட்டும் உள்ளவர்களுக்கும் அவை பெரும் வசதி. ஆனால் உலோக வால்வு உள்ளவர்களுக்கு அவை கூடாது. அத்தகைய நோயாளிகளுக்கு டாபிகட்ரான் தந்து பார்த்த ஆய்வு, உறைவும் ரத்தப்போக்கும் இரண்டுமே அதிகரித்ததால் பாதியில் நிறுத்தப்பட்டது. அதன் முடிவு 2013-ல் வெளியானது.

ருமாட்டிக் நோயால் வால்வு பழுதாகி, துடிப்பும் கோளாறானவர்களுக்கு எது நல்லது என்ற கேள்விக்குப் பதில் 2022-ல் கிடைத்தது. டெல்லி எய்ம்ஸ் இதய மருத்துவர் கணேசன் கார்த்திகேயன் முன்னின்று நடத்திய இன்விக்டஸ் ஆய்வில் 24 நாடுகளைச் சேர்ந்த 4,500-க்கும் மேற்பட்ட நோயாளிகள் பங்கேற்றார்கள். புதிய ரிவராக்சபானைவிட, வார்ஃபரின் போன்ற பழைய மருந்துகளைச் சாப்பிட்டவர்களிடையே மரணங்கள் குறைவாக இருந்தன. ரத்தப்போக்கும் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. "புதுசா நல்ல மாத்திரை வந்திருக்காம்" என்று தானே மாற்றிக்கொள்பவர்களுக்கான பதில் இது.

பழைய மாத்திரையோடு வாழ்வதற்கு விலை உண்டு. மாதம் ஒருமுறையாவது ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும். பீகாரிலோ ஒடிசாவிலோ ஒரு கிராமத்து நோயாளிக்கு அது ஒரு நாள் கூலி, பஸ் கட்டணம், துணைக்கு வருபவரின் கூலி எல்லாம் சேர்ந்தது. அதனால் பரிசோதனை தள்ளிப்போகிறது. தள்ளிப்போன மாதங்களில் எண் 1.5-ஆக இருந்ததா, 6-ஆக இருந்ததா என்பது யாருக்கும் தெரியாது. இருட்டில் நடக்கும் அந்த நாட்களில் ஒரு சிறு வெட்டு விழும்போதுதான் குடும்பம் மிரள்கிறது. உண்மையில் அந்த வெட்டு ஓர் எச்சரிக்கை மணி. அழுத்திப் பிடித்தும் நிற்காத கசிவு மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. எண்ணைப் பார்க்கச் சொல்கிறது.

உலோக வால்வு பொருத்திக்கொண்டவர்கள் பலருக்கு ஒரு விசித்திர அனுபவம் உண்டு. வீடு அடங்கிய இரவில் தங்கள் நெஞ்சுக்குள் கடிகாரம் போல ஓர் ஒலி அவர்களுக்குக் கேட்கும். முதலில் தூக்கத்தைக் கெடுக்கும் அந்தச் சத்தம், போகப்போகத் தாலாட்டாகிவிடும். வால்வின் மீது ரத்தம் கட்டத் தொடங்கினால் அந்த ஒலி மழுங்கும். மூச்சு வாங்கும். விரலில் கட்டிய துணி மறுநாள் கொஞ்சம் சிவந்திருந்தால் பரவாயில்லை. கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியது அந்தக் கடிகாரச் சத்தம்.

காயம் பட்டால் என்ன செய்வது?

• ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியை வைத்து 10 முதல் 15 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றதா என்று நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள். பார்க்கும் ஒவ்வொரு முறையும் புதிய அடைப்பு பிய்ந்துவிடும்.

• கை, காலில் காயம் என்றால் நெஞ்சு மட்டத்துக்கு மேல் உயர்த்தி வையுங்கள். காபித்தூள், சுண்ணாம்பு, சாம்பல் எதுவும் வேண்டாம்.

• இப்படி அழுத்தியும் நிற்காவிட்டால், வெட்டு ஆழமாக இருந்தால், தோலுக்கடியில் வீக்கம் பெருகிக்கொண்டே போனால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

• தலையில் அடிபட்டால் வெளியே ஒரு சொட்டு ரத்தம் வராவிட்டாலும் உடனே போங்கள். மலம் கறுத்தாலும், சிறுநீர் சிவந்தாலும் அப்படியே.

• டெட்டனஸ் ஊசி போடும்போது மாத்திரை விவரத்தைச் சொல்லுங்கள். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காமல் இரண்டு நிமிடமாவது அழுத்திப் பிடியுங்கள்.

• வலிக்குப் பாராசிட்டமால் மற்ற வலி மாத்திரைகளைவிடப் பாதுகாப்பானது. ஆனால் அதையும் நாள்கணக்கில் கேட்காமல் விழுங்கக் கூடாது.

• மாத்திரையின் பெயர், அளவு, கடைசி ஐ.என்.ஆர். ஆகியவற்றை எழுதிய அட்டை எப்போதும் சட்டைப்பையிலோ கைப்பையிலோ இருக்கட்டும்.

• ஒருவேளை மாத்திரை தவறிவிட்டால் மறுநாள் இரண்டாகச் சாப்பிடக் கூடாது. நீங்களாக நிறுத்தவும் கூடாது.